பாங்காக்கில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்?

பாங்காக்கைப் பற்றி நான் எழுதிய அறிமுகக் குறிப்பு நாலு பக்கம் வந்தது. எழுதும்போது நான் அந்த ஊரைப் பார்த்ததில்லை. எழுதச் சொன்னவர்களும் பார்த்ததில்லை. அதனால் குறிப்பு ரொம்ப நன்றாக அமைந்துவிட்டது.

காவிரிக்கரைக் குத்தாலத்தில் எனக்கு உரக்கடை. யூரியா, பொட்டாஷ், விதைநெல், பூச்சிமருந்து. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சம்பா ஆரம்பத்தில் கம்பெனிக்காரர் ஒருவர் வந்து, இந்தச் சரக்கை இவ்வளவு விற்றுக் காட்டினால் வெளிநாடு கூட்டிப்போகிறோம் என்பார். அப்புறம் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், மழை எப்படி என்று கேட்டாலும் நாங்கள் அந்தச் சரக்கின் பெருமையையே பேசுவோம். அந்த முறை பேசி ஜெயித்தவர்கள் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து நாற்பது பேர். ஊர் பாங்காக்.

உர வியாபாரிகள் சங்கத்துக்கு நான் செயலாளர். கிளம்புவதற்கு முன்னால் தஞ்சாவூரில் ஒரு கூட்டம் போட்டு, "போற ஊரப் பத்தி நாலு வார்த்த நீங்கதான் சொல்லணும்" என்றார் தலைவர். மூன்று நாள் சாயங்காலம் உட்கார்ந்து போனில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். பார்த்ததை எழுதினேன். பார்க்காததையும் எழுதினேன். கூட்டத்தில் அதை வாசித்தபோது எனக்கே ஆர்வம் வந்துவிட்டது. தாளை மடித்து வைத்துவிட்டு, "சாவ் பிரயா ஆத்துல படகுல போறப்ப மூஞ்சில ஒரு காத்து அடிக்கும் பாருங்க" என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "செயலாளர் எத்தன தடவ போயிருக்கீங்க?"

நான் சிரித்தேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தேன், அவ்வளவுதான். "பலமுறை சென்று வந்த நமது செயலாளர்" என்று தலைவர் நன்றியுரையில் சொன்னார். அதை மறுப்பது நன்றியுரைக்கு நடுவில் எழுந்து நிற்பது போல ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

கேட்டவர் வேறு யாராக இருந்தாலும் பரவாயில்லை. அவர் பட்டுக்கோட்டைக்காரர். உரக்கடையும் தேங்காய் மண்டியும் வைத்திருப்பவர். அவர் மகனும் என் மகளும் விவசாயக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். படிப்பு முடிந்த பிறகும் ஒன்றாகவே இருப்பது என்று அவர்களாக முடிவு செய்து, எங்களிடம் அனுமதி கேட்பது போல நடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சம்மதம். அவர் வீட்டில் அவர் ஒருவர்தான் பிடி கொடுக்கவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லி நாலு மாதம் ஆகியிருந்தது.

காரணம், அவர்கள் ஆர்.சி. கத்தோலிக்கர், நாங்கள் லுத்தரன் சபை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே சிலுவைதான். உள்ளே இருப்பவர்களுக்குக் காவிரியும் கொள்ளிடமும் மாதிரி. தண்ணீர் ஒன்றுதான், நடுவில் இருக்கும் கரையை மட்டும் லேசில் தாண்ட முடியாது. "லுத்தரன்காரங்க நல்லாப் பேசுவாங்க. அதுல எவ்வளவு நெசம்னு தெரியணுமே" என்று அவர் யாரிடமோ சொன்னதாக எங்கள் காதுக்கு வந்திருந்தது.

கிளம்புகிற அன்று மகள் என் பெட்டியைப் பூட்டிக்கொண்டே சொன்னாள்: "அப்பா, அஞ்சு நாள்தான். அவர்கிட்ட அளவாப் பேசுங்க. கதை விடாதீங்க. அவரு இந்த டூருக்கு உங்களப் பாக்கத்தான் வர்றாரு."

"பாங்காக்கப் பாக்க வரலியா?"

"அப்பா!"

என் மனைவிக்கு வேறு கணக்கு. பாங்காக் என்றாலே எங்கள் பக்கத்து ஆண்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். பெண்கள் புருவத்தை உயர்த்துவார்கள். "அவரு கூடவே இருப்பாருல்ல? அது போதும் எனக்கு" என்று சொல்லி வழியனுப்பி வைத்தாள். ஒரே ஆள், அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் வேவு.

திருச்சி விமான நிலையத்தில் அவரே டூர்க்காரரிடம் போய், "செயலாளரு ஊரு தெரிஞ்சவரு. என்னைய அவரு ரூம்லயே போட்டுடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. பேன்ட் போடும் பழக்கமே அவருக்கு இல்லை. வெளிநாட்டில் வேட்டியா என்று யாரோ கேட்டதற்கு, "காலு என்னுதுதானே" என்றார்.

இனிமேல் அந்த ஊருக்குப் போகிறவர்களுக்கு, இந்தத் தடவை பார்த்ததை வைத்தே சொல்கிறேன்.

பாங்காக் நம் மாதிரி ஆட்கள் கட்டிய ஊர். மண் களிமண். தரை மட்டம். எங்கே நின்றாலும் ஒரு வாய்க்கால் கண்ணில் படும். வாய்க்காலுக்கு அவர்கள் 'க்ளோங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மண்வெட்டியைக் கையில் கொடுத்தால் நாற்பது உரக்கடைக்காரர்களும் இறங்கி ஆளுக்கொரு மடையைத் திறந்திருப்பார்கள், அவ்வளவு பழகிய ஊராக இருந்தது. ஆற்றில் மிதப்பதுகூட நம் ஆகாயத்தாமரைதான். "இங்கயும் வந்துட்டியா சனியனே" என்று பட்டுக்கோட்டைக்காரர் அதைப் பார்த்துப் பாசத்தோடு சொன்னார்.

எல்லாக் கட்டடத்துக்கும் முன்னால் கம்பத்தின் மேல் ஒரு குட்டிக் கோவில் இருக்கும். அந்த இடத்துக்குக் காவல் தேவதை. படையலாகச் சிவப்புக் கலர் சோடா வைக்கிறார்கள். மூடியைத் திறந்து, உறிஞ்சுவதற்கு ஸ்ட்ராவும் போட்டு வைக்கிறார்கள். தேவதைக்கு இவ்வளவு நுணுக்கமாக யோசித்துச் செய்கிறவர்கள் மனிதருக்கு என்ன குறை வைக்கப் போகிறார்கள்? சிரித்த முகம். குரலை உயர்த்த மாட்டார்கள். உரத்துக் கேட்ட குரலெல்லாம் எங்களுடையது.

அரண்மனைக்குப் போகிறவர்கள் முழங்காலை மூடிக்கொண்டு போக வேண்டும். இதை என் குறிப்பில் எழுதியிருந்தேன், அது ஒன்றுதான் சரியாக இருந்தது. ஆனால் வேட்டிக்காரர்களுக்கு என்ன சட்டம் என்று எழுதவில்லை. கடைசி நாள் காலையில் வாசலில் காவலர் எங்களை நிறுத்தினார். பட்டுக்கோட்டைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். காவலர் கும்பிட்டுவிட்டு, இரண்டு கையாலும் கீழே இறக்கச் சொல்லிச் சைகை காட்டினார். இவர் பரபரவென்று வேட்டியை இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது முகமே மாறியிருந்தது.

"பாத்தீங்களா? எங்க தெருவுலகூட இப்ப யாரும் எறக்கிவிடுறதில்ல. மரியாத தெரிஞ்ச ஊருங்க இது."

அவர் ஒரு ஊரைப் பாராட்டி நான் கேட்டது அதுதான் முதல் முறை. ஊர் எனக்குச் சொந்தமானது போல நான் தலையசைத்தேன்.

கடைசி நாள் எப்படி அரண்மனைக்குப் போனோம் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சனி அங்கேதான் பிடித்தது. சாயங்காலம் நாலு மணிக்கு ஓட்டலிலிருந்து விமான நிலையத்துக்குப் பஸ். அதுவரை அவரவர் இஷ்டம். முப்பத்தெட்டு பேர் கடைவீதிக்குப் போனார்கள். "நமக்கு எதுக்குக் கடை? நாமளே கடக்காரங்க. நீங்கதான் ஊரு தெரிஞ்சவராச்சே, ஆத்துல ஒரு சுத்து சுத்திக் காட்டுங்க" என்றார் இவர். நான்கு நாளாக டூர்க்காரரின் கொடிக்குப் பின்னாலேயே ஒளிந்து வந்தவன் நான். கொடி இல்லாமல் மாட்டிக்கொண்டேன்.

"நாலு மணிக்குப் பஸ். நாலு அஞ்சுக்கு வந்தீங்கன்னா பஸ் இருக்காது. உங்க பாஸ்போர்ட்டெல்லாம் என் பையிலதான் இருக்கு, மறந்துடாதீங்க" என்று டூர்க்காரர் என்னைப் பார்த்தே சொன்னார். மற்றவர்களிடம் அப்படிப் பார்த்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

ஓட்டல் ஆற்றோரம். பக்கத்திலேயே படகுத்துறை. ஊர்ச் சனங்கள் வேலைக்குப் போகிற நீளப் படகில் ஏறிக்கொண்டோம். டிக்கெட் கொடுக்கும் அம்மா கையில் உருளையாக ஒரு தகர டப்பா வைத்துக்கொண்டு டக் டக்கென்று ஆட்டிக்கொண்டே வருவார். அந்தச் சத்தம் கேட்டால் தூங்குகிறவன்கூடச் சில்லறை எடுப்பான்.

படகு எதிர்த் தண்ணீரில் போனது. ஆகாயத்தாமரை கொத்துக் கொத்தாக எங்களுக்கு எதிரே வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு தைரியம். டெல்டாக்காரனுக்கு வழி தெரியாவிட்டால் தண்ணீரைப் பார்ப்பான். எங்கள் பக்கம் எந்த வாய்க்கால் கரையில் கண்ணைக் கட்டி இறக்கிவிட்டாலும், தண்ணீர் போகிற பக்கம் கிழக்கு என்று சொல்லிவிடலாம்.

"அண்ணே, இந்த ஊருல தொலையவே முடியாது. வர்றப்ப எதிர்த் தண்ணில வந்தோமா? திரும்பறப்ப தண்ணி போற பக்கம் போனாப் போதும், ஓட்டல் தானா வந்துரும். தண்ணி கிழக்கப் பாக்க ஓடும், நாம அது கூடவே போவ வேண்டியதுதான்."

"கிழக்கயா? தண்ணி தெக்க இல்ல ஓடும்?"

"எங்க ஊருல கிழக்கண்ணே."

"எங்க பக்கம் கல்லணக் கால்வா தெக்கத்தான் வரும். வந்தா."

"என்னண்ணே வந்தா?"

"கடமடக்காரன்கிட்ட வந்து கேக்குறீங்களே. தண்ணி வந்து சேந்தாத்தானே எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாக்க முடியும்?"

திசை எதுவானாலும் தண்ணீரோடு போனால் ஓட்டல் என்பதில் இரண்டு பேருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. கத்தோலிக்கமும் லுத்தரனும் முழு மனதாக ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். அதுவும் தப்பாகப் போயிற்று.

அரண்மனை பார்த்தோம். சின்னப் படகில் எதிர்க்கரைக்குப் போய், பீங்கான் ஓடு பதித்த கோபுரத்தைப் பார்த்தோம். திரும்ப இந்தக் கரைக்கு வந்து, ஆற்றைப் பார்த்த ஒரு சாப்பாட்டுக் கடையில் மாம்பழமும் ஒட்டுகிற அரிசிச் சோறும் சாப்பிட்டோம். மேலே கடைக்கார அம்மா தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுத்தார். அவர் ஒரு வாய் எடுத்துவிட்டுக் கண்ணை இடுக்கினார்.

"மொதப் பாலு. தண்ணி சேக்கல."

"நல்லாருக்காண்ணே?"

"காயி நம்ம காயி அளவுக்கு இல்ல. ஆனா பொம்பள கையி சுத்தம்."

அங்கே ஒரு வாய்க்கால் ஓரத்தில் ஆள் நீளத்துக்கு ஒரு உடும்பு படுத்திருந்தது. நடுநகரத்தில், யாரையும் சட்டை செய்யாமல். அதை நான் வீடியோ எடுத்தேன். அது எழுந்து தண்ணீரில் இறங்கும் என்று காத்திருந்தேன். அது இறங்குவதாக இல்லை. என் போன் சார்ஜ்தான் முழுதாக இறங்கியது. உள்ளூர் சிம், வரைபடம், டூர்க்காரர் நம்பர் எல்லாம் அதற்குள். அவரிடம் இருந்தது பட்டன் போன். அது பட்டுக்கோட்டையிலேயே பாதி நாள் எடுக்காது.

ஓட்டலின் பெயர் ஞாபகம் இருந்ததா என்றால், பாதி இருந்தது. 'ரிவர்' என்று முடியும். பிறகுதான் கவனித்தேன், அந்த ஆற்றங்கரையில் உள்ள பாதி ஓட்டல்கள் அப்படித்தான் முடிகின்றன.

மணி ஒன்றரை. துறைக்கு வந்து தண்ணீரைப் பார்த்தோம். ஆகாயத்தாமரை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. வலப்பக்கம் போகும் படகு வந்தது. ஏறினோம். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது ஊரே எனக்கு மனப்பாடம் போலத்தான் இருந்தது.

பத்து நிமிடத்தில் ஒரு பாலம் வந்தது. ஒற்றைக் கோபுரம், அதிலிருந்து மஞ்சள் கம்பிகள் விசிறி மாதிரி.

"காலையில இந்தப் பாலத்தப் பாத்தோமா?"

"பாத்தோம்ணே."

"காலையில பாத்தது இரும்புப் பாலம்ல? பச்சையா இருந்துச்சு."

"பெயின்ட் அடிச்சிருப்பாங்க."

"கம்பியும் கட்டிட்டாங்களா, நாம சோறு தின்னுட்டு வர்றதுக்குள்ள?"

பயம் எனக்கு வயிற்றில் ஆரம்பிக்காது. காதில் ஆரம்பிக்கும். இரண்டு காதும் சுடும். அதற்கப்புறம் வாய் என் பேச்சைக் கேட்காது, தானாகப் பேச ஆரம்பிக்கும். அந்தப் பாலத்தைக் கட்டிய ராஜாவைப் பற்றிச் சொன்னேன். அவர் தங்கையைப் பற்றியும் சொன்னேன். தங்கைக்கு ஆற்றைத் தாண்டி மாப்பிள்ளை பார்த்ததால் பாலம் வேண்டியிருந்தது என்றேன். அப்படி ஒரு தங்கை இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. என் வாய்க்குத் தெரிந்திருந்தது. அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. துண்டை மடியில் மடித்து வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உயரமான கட்டடங்கள் குறைந்துகொண்டே வந்தன. கரையில் மரவீடுகள். ஒரு அம்மா படியில் உட்கார்ந்து துணி அலசிக்கொண்டிருந்தார். அந்தப் படியைப் பார்த்தால் குத்தாலம் போலவே இருந்தது. ஆனால் எங்கள் ஓட்டல் குத்தாலத்தில் இல்லை. அடுத்த பாலத்துக்கு நான் ராஜாவைச் சொல்லவில்லை. மந்திரியைச் சொன்னேன். கற்பனையும் வற்றிக்கொண்டு வந்தது.

படகு கடைசியாக ஒரு பெரிய துறையில் நின்றது. டப்பாக்கார அம்மா எல்லோரையும் இறங்கச் சொன்னார். நாங்கள் இறங்கவில்லை. எங்கள் முன்னால் வந்து டப்பாவை ஒரு தடவை ஆட்டினார். இறங்கிவிட்டோம். பலகையில் நோந்தபுரி என்று போட்டிருந்தது. அது பாங்காக்கே இல்லை, பக்கத்து ஊர். மணி இரண்டேகால்.

ஆற்றில் இறங்கும் படிக்கட்டில் உட்கார்ந்தோம். மகள் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. நாலு மணிக்குப் பஸ் போய்விடும். பஸ்ஸோடு பாஸ்போர்ட் போகும். இதெல்லாம்கூடப் பரவாயில்லை, பெண்ணின் கல்யாணத்தை நானே ஒரு படகில் ஏற்றி அனுப்பிவிட்டேனே. மூன்று வருஷமாக அந்தப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். ஒரு சிரிப்பில் கெடுத்தேன்.

"அண்ணே, ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லுங்க."

"நான் இந்த ஊருக்கு வந்ததே இல்ல. இதுதான் மொதத் தடவ. அந்த ராஜாவுக்குத் தங்கச்சி இருந்துச்சான்னும் தெரியாது."

"தெரியும்" என்றார்.

"தங்கச்சி இருந்துச்சா?"

"நீங்க வந்ததில்லன்னு தெரியும்யா. திருச்சில ஃபாரம் எழுதுறப்ப உங்க பாஸ்போர்ட்டு என் கையிலதான இருந்துச்சு? பள்ளிக்கொடம் தொறந்த அன்னிக்கு நோட்டு எப்படி இருக்கும், அப்படி இருந்துச்சு. ஒரு முத்திர இல்ல."

எனக்குக் காது சுடுவது நின்று, கழுத்து சுட ஆரம்பித்தது. "தெரிஞ்சுக்கிட்டே ஏன்ணே என்ன நம்பி வந்தீங்க?"

"உங்கள எங்க நம்புனேன்? தண்ணிய நம்புனேன்."

சொல்லிவிட்டு அவர் கீழே குனிந்து பார்த்தார். அவர் கால் வைத்திருந்த படியில் தண்ணீர் தட்டிக்கொண்டிருந்தது. வேட்டி நுனி நனைந்திருந்தது. "நாம உக்கார்றப்ப இந்தப் படி காஞ்சில்ல கெடந்துச்சு?" என்றவர், ஒரு நிமிடம் ஆற்றை வெறித்துவிட்டு இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஓதம்யா! கடல் தண்ணி ஏறுது! ஆத்தத் திருப்பித் தள்ளிக்கிட்டு வருது. காலையில எறங்குமுகம், இப்ப ஏறுமுகம். மல்லிப்பட்டினம் கடலு எங்க ஊருலேர்ந்து கூப்புடு தூரம். பொறந்ததுலேர்ந்து ஓதம் பாக்குறவன் நானு. தேங்கா விக்கிறவன் புத்தி மட்ட மாதிரியில்ல ஆயிப்போச்சு."

"பூம்புகாரு எங்களுக்கு ஒரு மணி நேரம்ணே" என்றேன். "காவிரி வாயிலயே ஓதம் ஏறும். எனக்கும் தோணல."

கடலுக்குப் பக்கத்திலேயே வாழ்ந்து, கடலை மறந்த இரண்டு பேர் அந்நிய நாட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தோம். முதலில் அவர்தான் சிரித்தார், அதைப் பதிவு செய்கிறேன். பழம் விற்கிற ஒரு பெண் எங்களைப் பார்த்துத் தானும் சிரித்தார். என்ன விஷயம் என்று கேட்காமலே சிரிக்கிற ஊர் அது.

கீழே போகும் படகு கிளம்பும்போது மணி இரண்டே முக்கால். இப்போது மறுபடி எதிர்த் தண்ணீர். படகு முனகிக்கொண்டு நகர்ந்தது. சிரிப்பு முதல் வளைவிலேயே இறங்கிக்கொண்டது. பயம் ஏறி உட்கார்ந்தது.

அவர் சட்டைப்பையிலிருந்து ஜெபமாலையை எடுத்துக் கண்ணை மூடினார். நான் எங்கள் முறைப்படி நேராகக் கர்த்தரிடமே பேசினேன். இரண்டு துறை தாண்டியும் நகரம் வரக் காணோம். மாதாவிடம் விண்ணப்பம் வைக்கும் வழக்கம் எங்கள் சபையில் கிடையாது. ஆனால் வேளாங்கண்ணி எங்கள் கடற்கரைதானே, அக்கம்பக்கம் என்ற உரிமையில் மெதுவாக ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன்.

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். "யாருகிட்டப் பேசுறீங்க?"

"பொதுவாச் சொன்னேண்ணே."

"மாதாவேன்னு காதுல விழுந்துச்சு."

"அவசரத்துக்கு..."

"உங்க பாதிரி ஐயருக்குத் தெரிஞ்சா என்ன ஆவும்?"

"நீங்க சொல்லாம இருந்தாத் தெரியாதுண்ணே."

அவர் மாலையைப் பைக்குள் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலேயே பேசினார்.

"நீங்க பயந்தா வாய் ஓயாது. அது இன்னிக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் பயந்தா வாயத் தொறக்க மாட்டேன். நாலு மாசமா யோசிக்கிறேன் யோசிக்கிறேன்னு சொன்னேனே, என்னத்த யோசிச்சேங்குறீங்க? ஒண்ணும் யோசிக்கல. பயம். சொந்தக்காரன் என்ன சொல்லுவான், பங்குச் சாமியாரு என்ன சொல்லுவாரு, நாளைக்குப் பேரப்புள்ள எந்தக் கோவிலுக்குப் போவும்னு பயம். அந்தப் பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல. நல்ல புள்ள. போன மழையில என் தென்னைக்குக் குருத்தழுகல்னு போட்டோவப் பாத்தே சொல்லிச்சு."

நான் இதையெல்லாம் கேட்டேன், ஆனால் காதில்தான் கேட்டேன். புத்தி முழுக்கப் பாலத்தில் இருந்தது. கம்பிப் பாலம் வந்துவிட்டது. அதற்கப்புறம் அரண்மனை. அதற்கப்புறம் பச்சை இரும்புப் பாலம். அதைத் தாண்டி ஒரு துறையா, இரண்டு துறையா?

"ஓலை ரெண்டு கோவில்லயும் வாசிக்கணும்ல?" என்றார்.

"ஆமாண்ணே."

"உங்க பக்கம் மூணு ஞாயிறு, எங்க பக்கம் மூணு ஞாயிறு. ஒரே ஞாயித்துக்கெழமையில ரெண்டு எடத்துலயும் வாசிச்சுட்டா நாள் மிச்சம்."

"ஆமாமா. அண்ணே, இது பச்சைப் பாலம்தானே?"

"பச்சதான். வைகாசில வச்சுக்கலாமா? ஆத்துல தண்ணி விட்டுட்டா நமக்குக் கடைய விட்டு நவர முடியாது."

"வைகாசி நல்ல மாசம்ணே" என்று சொல்லிவிட்டு, பாலத்துக்குப் பின்னால் இன்னொரு பாலம் தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. ஓலை என்பது கல்யாண ஓலை. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு கோவிலில் வாசிப்பார்கள். கல்யாணம் நிச்சயமாகாமல் யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். "அண்ணே. அப்ப... சரியாண்ணே?"

"எது?"

"பிள்ளைங்க விஷயம்."

"அது சரியாயி ரெண்டு பாலம் ஆச்சு. நீங்கதான் கவனிக்கல."

அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பேச வாயைத் திறந்தேன், வார்த்தை வரவில்லை. என் வாழ்க்கையில் அப்படி நடந்ததில்லை. அவரும் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "காத்து அடிக்குது" என்றார்.

அப்போது கரையில் ஒரு கூட்டம் தெரிந்தது. கையில் பை பையாகச் சாமான்களோடு நம் ஆட்கள். முப்பத்தெட்டு பேரும் ஒரு துறையில் நின்றுகொண்டு எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள். சிலர் இரண்டு கையையும் ஆட்டினார்கள். டூர்க்காரர் கொடியைத் தலைக்கு மேல் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தார். என் மனது இருந்த நிலையில், விஷயம் அதற்குள் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"பாருங்கண்ணே, நம்ம ஆளுங்க" என்று எழுந்து நின்று நானும் கையை ஆட்டினேன். அவரும் எழுந்து, மேடையில் நிற்கிற மாதிரி எல்லாப் பக்கமும் பார்த்துக் கும்பிட்டார். இரண்டு பேர் இறங்கினார்கள், மூன்று பேர் ஏறினார்கள். டப்பாக்கார அம்மா விசில் ஊதினார். படகு கிளம்பியது. கரையில் இருந்தவர்கள் இன்னும் வேகமாகக் கையை ஆட்டினார்கள். சங்கத் தலைவர் தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். இவ்வளவு சந்தோஷப்படுகிறாரே என்று எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது.

கூட்டம் சின்னதாகிக்கொண்டே போனது.

"அது நம்ம ஓட்டலு இல்ல?" என்றார் அவர்.

அடுத்த துறையில் படகு முழுதாக நிற்பதற்குள் குதித்தோம். மணி நாலாக ஆறு நிமிடம். தலைவரும் நாலைந்து பேரும் பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்று அதை நகரவிடாமல் மறித்துக்கொண்டிருந்தார்கள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். அவர் வேட்டியைத் தூக்கி மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் ஓடினார், நான் பின்னால். ஒரு சந்து முனையில் தெரு இரண்டாகப் பிரிந்தது.

"எந்தப் பக்கம்ணே?" என்று கேட்டேன். வாய் திரும்ப வந்திருந்தது. "எனக்கென்னமோ இடப்பக்கம்னுதான்..."

"நீங்க வாயத் தொறக்காம ஓடியாங்க சம்பந்தி" என்று சொல்லிவிட்டு அவர் வலப்பக்கம் திரும்பினார்.